வீட்டிலேயே சிடி, டிவிடி மீது நேரடியாக அச்சிடும் முறை

திருமணப் பதிவு, கோயில் திருவிழா, தேவார வகுப்பு ஆகியவற்றை சிடி, டிவிடி தட்டில் பதிந்து பெரியவர்களுக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கள் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் இன்றும் தொடர்கிறது. அவ்வாறு கொடுப்பவர்களிடம் என் முதல் வேண்டுகோள், தட்டின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டாதீர்கள் என்பதே. நான் ஒட்டிக் கொடுத்த ஒரு சிடி, நண்பகல் வெயிலில் நிறுத்தியிருந்த மாமாவின் காருக்குள் ஓரம் சுருண்டு பிளேயரில் சிக்கிக்கொண்டது. தாள் சற்றுக் கோணலாக அமைந்தாலே சுழலும் தட்டு அதிரும். அதை உரித்தெடுக்க முயன்றால், சிடியில் மெல்லிய அரக்குப் பூச்சுக்கு நேர்கீழே இருக்கும் பிரதிபலிப்புப் படலமும் பெயர்ந்து வந்து பதிவு பாழாகும்.

நேரடி அச்சுக்கு ‘இங்க்ஜெட் பிரிண்டபிள்’ என்று உறையில் குறிக்கப்பட்ட, மேற்பரப்பு வெண்மையாக உள்ள தட்டுதான் வேண்டும். பளபளக்கும் சாதாரணத் தட்டில் மை பிடிக்காது. அச்சுப்பொறியும் தட்டு வைக்கும் தட்டம் உடையதாக இருக்க வேண்டும். எப்சன் எல்805, எல்8050 போன்றவை மைத்தொட்டியுடன் வருவதால் மைச்செலவு குறைவு. ஆண்டுக்கு இருபது முப்பது தட்டுகள் மட்டுமே அச்சிடுபவர் புதிதாக வாங்கத் தேவையில்லை என்பது என் கருத்து. பழையதை வாங்குவதாயின், தட்டம் உடன் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் பொறி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் பயனில்லை. புதியதை வாங்குவோர் கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவில் நேரில் விசாரிக்கலாம்.

முதலில் பதிவை முடித்து, தட்டு சரியாக ஓடுகிறதா என்று பார்த்த பிறகே அச்சிடுங்கள். அச்சிடும்போது படியும் விரல் ரேகையும் தூசியும் பின்னர் பதிவைக் கெடுக்கக்கூடும். பதிவு தோல்வியுற்ற தட்டுகளை எறிந்துவிடாமல் ஒத்திகைக்கு வைத்துக்கொண்டால் நல்ல தட்டுகள் வீணாகா. உண்மையான சிக்கனம் இதில்தான் இருக்கிறது.

அடுத்தது அளவு. தட்டின் விட்டம் 120 மில்லிமீட்டர். எப்சன் மென்பொருள் வழக்கமாக அச்சுப் பகுதியின் உள்விட்டத்தை 43 ஆகவும் வெளிவிட்டத்தை 116 ஆகவும் வைத்திருக்கும். வெண்பரப்பு நடுத்துளை அருகே வரை நீளும் தட்டாக இருந்தால், அளவுகோலால் அளந்து உள்விட்டத்தைக் குறைக்கலாம். ஆனால் ஒரு மில்லிமீட்டர் மிஞ்சினாலும், நடுவிலுள்ள கண்ணாடி போன்ற வளையத்தில் மை விழுந்து, காயாமல் கையிலும் தட்டத்திலும் ஒட்டும். அச்சுப்பொறி கேட்கும்போது மட்டும், வெண்பரப்பு மேல்நோக்கி இருக்குமாறு தட்டை வைத்துத் தட்டத்தைச் செருகுங்கள்.

அச்சிட்ட தட்டை 24 மணி நேரம், நேரடி வெயில் படாத இடத்தில், ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் காயவிடுங்கள். கோலாலம்பூரின் ஈரக்காற்றில் இந்த நேரத்தைக் குறைப்பது நல்லதல்ல. மாலையில் அவசரப்பட்டு நான் அடுக்கிவைத்த தட்டுகளில், பிள்ளையார் படத்தின் சிவப்பு மை மேலிருந்த தட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டியிருந்தது. காய்ந்த பிறகும் ஈரக்கை படாமல் ஓரத்தைப் பிடித்தே உறையில் இடுங்கள்.