நான்கு பாயும் இரண்டு லக்கேஜும்: ஆங்கில ஒருமை பன்மையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பத்தமடையில் "நான்கு பாய் வேண்டும்" என்று கேட்பவரை யாரும் பிழையாகப் பேசினார் என்று சொல்ல மாட்டார்கள். "நான்கு" என்ற சொல்லே பன்மையைக் காட்டிவிடுவதால், அஃறிணைப் பெயருக்குக் "கள்" விகுதி தமிழில் கட்டாயமில்லை; ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவில் நிற்கும் இத்தகைய பெயரை நம் இலக்கணம் பால்பகா அஃறிணைப் பெயர் என்கிறது. இடையன்குடியில் வாழ்ந்து, 1856இல் திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை வெளியிட்ட கால்டுவெல்லும் அஃறிணைப் பன்மை விகுதி அரிதாகவே வருவதைக் கவனித்திருக்கிறார். அதே பழக்கத்தில் மாணவர் "ஃபோர் மேட்" என்று எழுதிவிடுகிறார். ஆங்கிலத்தில் எண் முன்னால் நின்றாலும் "மேட்ஸ்" என்றுதான் எழுத வேண்டும்.

இதைத் திருத்தியதும் நேர்மாறான பிழை முளைக்கிறது. எனக்குக் கூடுதல் வேலை வைப்பது அதுதான். தகவல்கள், அறிவுரைகள் என்று தமிழில் தாராளமாகச் சொல்வதால், "இன்ஃபர்மேஷன்ஸ்", "அட்வைசஸ்" என்று எழுதிவிடுகிறார்கள். ஆங்கிலத்தில் இவை எண்ணிச் சொல்லாத பெயர்கள்; எஸ் சேராது. நெல்லை சந்திப்பில் ரயிலேறிய அனுபவத்தை எழுதிய மாணவி ஒருத்தி, தாளில் "டூ லக்கேஜஸ்" என்று எழுதியிருந்தாள். அல்வாவை எண்ணியா வாங்குகிறோம், நிறுத்துத்தானே வாங்குகிறோம் என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே "டூ பேக்ஸ்" என்று திருத்தினாள். லக்கேஜ் என்ற சொல்லையே வைத்துக்கொள்ள விரும்பினால் "டூ பீசஸ் ஆஃப் லக்கேஜ்" என்று எழுதலாம். எஸ் அளவைச் சொல்லில்தான் சேரும். ஃபர்னிச்சர், எக்விப்மென்ட் ஆகியவையும் இவ்வகையே.

"ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்" என்ற பிழைக்குத் தமிழைக் குறைசொல்ல முடியாது. "என் நண்பர்களில் ஒருவர்" என்று நாமே பன்மையில்தான் சொல்கிறோம்; அதை அப்படியே பின்பற்றினால் "ஒன் ஆஃப் மை ஃபிரண்ட்ஸ்" என்று சரியாக வந்துவிடும். வினை மட்டும் அந்த "ஒருவர்" என்பதற்கேற்ப "இஸ்" என்று ஒருமையில் நிற்கும்.

ஈற்றெழுத்தை நம்பியும் ஏமாறக் கூடாது. "நியூஸ்" எஸ்ஸில் முடிந்தாலும் ஒருமை வினையே கொள்ளும். எஸ் இல்லாத "போலீஸ்" என்பதற்கு "ஹேவ்" வர வேண்டும். கத்தரிக்கோல் ஒன்றே ஆனாலும் "சிசர்ஸ்" என்றும், "எ பேர் ஆஃப் சிசர்ஸ்" என்றும் எழுத வேண்டும். ஜோடி என்றதும் இரண்டு கத்தரிக்கோல் என்று எண்ணிவிட வேண்டாம்.

எஸ் சேர்க்கப் பழகியவர்கள் கடைசியாக இடறுவது பத்து ரூபாய்த் தாளில். "டென் ரூபீஸ்" சரி. ஆனால் அத்தொகை தாளுக்கு அடைமொழியாகும்போது "எ டென் ரூபி நோட்" என்று எஸ் உதிர்ந்துவிடும்.