பீடோங்கிலிருந்து பெர்லிஸ் புதைபடிவக் குன்றுக்கு, நாய்களோடு

பள்ளி விடுமுறையில் பிள்ளைகளையும் நாய்களையும் ஏற்றிக்கொண்டு போய்ப் புதைபடிவம் பார்க்க, மலேசியாவின் கெடா மாநிலத்துப் பீடோங் பக்கத்துத் தோட்டத்து மக்களுக்குக் கைக்கெட்டும் இடம், பக்கத்து மாநிலமான பெர்லிசின் குவார் சானாய். மண்ணுக்காக வெட்டிய குன்று அது. வெட்டிய முகத்தில் டெவோனியன் காலச் சேற்றுப்பாறை அடுக்கடுக்காகத் தெரியும். ஏறத்தாழ 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த மண். டிரைலோபைட், ஊசிக்கூம்பு போன்ற டெண்டாகுலைட், இரம்பப் பல் கோடாகத் தெரியும் கிராப்டோலைட் என்று அழிந்துபோன கடலுயிர்களின் தடங்கள் எல்லாம் இங்கே உண்டு.

குன்றில் நிழலை நம்ப வேண்டாம். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, அலோர் ஸ்டார் வரை நெடுஞ்சாலை, பிறகு கங்கார், பெசேரி என்று போனால் விடியும் நேரத்தில் சேரலாம். பத்து மணிக்குமேல் அங்கே நிற்காதீர்கள். நாய்க்கு மட்டுமல்ல, கண்ணுக்கும் காலைதான் நல்லது: தாழ்ந்த வெயில் பக்கவாட்டில் விழும்போதுதான் ஒரு மில்லிமீட்டர் மேடு பள்ளமும் நிழல் காட்டும். உச்சி வெயிலில் எல்லாக் கல்லும் வெறுங்கல். கல்லின்மேல் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, பத்து மடங்கு லென்ஸால் பாருங்கள். அளவு தெரியப் பக்கத்தில் 20 சென் காசு வைத்துப் படம் எடுங்கள். சுத்தியல் வேண்டாம், கல்லை வீட்டுக்குக் கொண்டுவரவும் வேண்டாம்.

கெடா, பெர்லிஸ், பினாங்கு மூன்றிலும் 2015இல் வெறிநாய்க்கடி நோய் பரவியது. தடுப்பூசி அட்டையையும் லைசென்ஸ் வில்லையையும் எடுத்துப் போங்கள். முதல் ஊசி போட்டு நான்கு வாரமாவது ஆகியிருக்கட்டும். நாயின் சாப்பாட்டை முந்தின இரவே முடித்துவிடுங்கள். வயிறு நிரம்பிய நாய்தான் பின்சீட்டில் வாந்தி எடுக்கும். 20 கிலோ நாய்க்கு வெயில் நாளில் 2 லிட்டர் தண்ணீர் என்று கணக்கு வையுங்கள்.

கழுத்துப்பட்டையைவிட மார்புப்பட்டை நல்லது. கயிறு 2 மீட்டர் போதும். நீளும் கயிற்றில் ஓடும் நாய் சரிவைக் கிளறும், உதிரிப் பாறை கீழே நிற்கும் பிள்ளையின் தலையில் விழும். தார் சாலையில் புறங்கையை ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். நமக்குச் சுட்டால் பாதத்துக்கும் சுடும்.

நாயைக் காரில் தனியே விடவே கூடாது. நிறுத்திய கார் பத்து நிமிடத்தில் பத்து டிகிரி ஏறிவிடும். கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் பயனில்லை. நாய் பெரும்பாலும் மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கிறது, நம் ஈரக்காற்றில் அதுவும் சரியாக நடக்காது. நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கெட்டியாகி, கால் தள்ளாடினால் வெப்பத்தாக்கு. உடனே உடம்பெல்லாம் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். ஈரத் துண்டால் போர்த்தினால் சூடு உள்ளேயே தங்கும். முதலில் குளிர்வித்து, பிறகு கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

குன்றைச் சுற்றிலும் மலாய்க் கம்பங்கள், அதாவது கிராமங்கள். நாயின் எச்சில் பட்டால் முஸ்லிம்கள் மண்ணும் நீருமாகக் கழுவ வேண்டியிருக்கும், அதனால் வீட்டு வாசல், கடை, சூராவ் (சிறு தொழுகைக்கூடம்) பக்கம் கயிற்றைச் சுருக்கிப் பிடியுங்கள். சாப்பாட்டைத் தாப்பாவ், அதாவது பொட்டலமாகக் கட்டிக்கொள்வது மேல். கடையில்தான் சாப்பிட வேண்டுமென்றால் பெரியவர்கள் முறைவைத்து நாயோடு வெளியே நிற்கட்டும்.

திரும்பியதும் நாயின் காது மடல், அக்குள், விரலிடுக்கு மூன்றிலும் உண்ணி தேடுங்கள். இருந்தால் சாமணத்தால் தோலையொட்டிப் பிடித்து நேராக இழுங்கள். தீக்குச்சியும் மண்ணெண்ணெயும் வேண்டாம்.