இறந்த நேரத்தைக் கணிக்கும்போது நடக்கும் தவறுகள்

சடலத்தைத் தொட்டுப் பார்த்ததும் "ராத்திரி பத்தே காலுக்கு உயிர் போயிருக்கு" என்று சினிமா டாக்டர் சொல்வதை நம்பாதீர்கள். உடலைப் பார்த்து 'இத்தனை மணியிலிருந்து இத்தனை மணிக்குள்' என்றுதான் சொல்ல முடியும், நாள் ஆக ஆக அந்த இடைவெளியும் அகலமாகிவிடும்.

வயிற்றில் கிடக்கும் உணவை மட்டும் நம்புவதுதான் மோசமான தவறு. 1959 ஜூனில் கனடாவின் ஒன்டாரியோவில் காணாமல் போன 12 வயதுச் சிறுமி, இரண்டு நாள் கழித்துச் சடலமாகக் கிடைத்தாள். வயிற்றில் செரிக்காமல் கிடந்த உணவை முக்கியமாக வைத்து, மாலை 7 மணிக்கும் 7.45-க்கும் இடையில் இறந்திருக்கிறாள் என்றார் மருத்துவர். அந்த நேரத்தில்தான் 14 வயது ஸ்டீவன் டிரஸ்காட் அவளைச் சைக்கிளில் ஏற்றிப் போயிருந்தான். பதினாலு வயதுப் பையனுக்குத் தூக்கு! அப்புறம் அதை ஆயுளாகக் குறைத்தார்கள், 1969-ல் பரோலில் விட்டார்கள், ஆனால் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை விடுதலை செய்ய 2007 ஆகிவிட்டது. செரிமானம் ஆளுக்கு ஆள் மாறும், பயத்திலோ காயத்திலோ அப்படியே நின்றும் போகும்.

உடல் சூடு மணிக்கு ஒன்றரை டிகிரி ஃபாரன்ஹீட் குறையும் என்ற வாய்ப்பாட்டை எல்லா இடத்திலும் போடக் கூடாது. இறந்தபின் கொஞ்ச நேரம் சூடு அப்படியே நிற்கும், பிறகு வேகமாக இறங்கும், சுற்றுப்புற வெப்பத்தை நெருங்கும்போது மெதுவாகும். கத்திரி வெயிலில் 40 டிகிரி செல்சியஸ் அடிக்கும் வெட்டவெளியில் கிடக்கும் சடலத்துக்கோ சூடு ஏறத்தான் செய்யும்.

விறைப்பிலும் இதே கதைதான். தாடை, கழுத்து என்று முதலில் தெரிந்து கீழே பரவும், ஆனால் சாகுமுன் ஓடியவருக்கும் வலிப்பு வந்தவருக்கும் சீக்கிரமே வந்துவிடும், குளிரில் தாமதமாகும். ஆம்புலன்ஸில் ஏற்றும்போது யாராவது கையை மடக்கி நீட்டிவிட்டால் அங்கே விறைப்பு உடைந்துபோகும், மார்ச்சுவரியில் பார்ப்பவர் அதையே ஆரம்பக் கட்டம் என்று எழுதிவிடலாம்.

கீழ்ப்பக்கம் தேங்கும் ரத்தத்தின் கருஞ்சிவப்பு நிறம் ஏறக்குறைய 8 முதல் 12 மணி நேரத்தில் நிலைத்துவிடும், அப்புறம் உடலைப் புரட்டினாலும் இடம் மாறாது. குப்புறக் கிடப்பவரின் முதுகில் அது இருந்தால், நேரத்தை விட்டுவிட்டு, புரட்டியது யார் என்று கேளுங்கள்.

சம்பவ இடத்துக்கு முதலில் போகிறவர் அறையின் வெப்பநிலையைக் குறிக்காமலே ஜன்னலைத் திறந்து ஏசியை அணைத்துவிட்டால், அந்த எண்ணை அப்புறம் எந்த லேபிலும் கண்டுபிடிக்க முடியாது.