மனநல நெருக்கடி நேரத்தில் வீடு தேடிப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னையில் கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் மனநலக் களப்பணிக்கு வரும் புதியவர்களைப் பார்க்கிறேன். ஆரம்பத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் செய்கிறார்கள். அன்பாகப் பேசணும், பொறுமை வேணும் என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

பொய் சொல்லி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது

எனக்கு இன்னும் கோபம் வருவது இதற்குத்தான். பெரும்பாக்கத்தில் ஒரு பையன். பல நாளாகத் தூக்கமில்லை. பக்கத்து வீட்டுக்காரர்கள் தனக்கு ஏதோ செய்யப் பார்க்கிறார்கள் என்று பயந்து கதவைத் தாழிட்டுக்கொண்டான். அம்மா மயிலாப்பூர் வரை பஸ்ஸில் போய் வீட்டு வேலை செய்கிறவர். புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி, "பெரியம்மா வீட்டுக்குப் போயிட்டு வரலாம்" என்று அவனை ஆட்டோவில் ஏற்றிவிட்டார். சுலபமாக முடிந்தது என்று எல்லோருக்கும் நிம்மதி. ஆட்டோ ஆஸ்பத்திரி கேட்டுக்குள் திரும்பியதும் பையன் அம்மாவைப் பார்த்துக் கேட்டான்: "நீயும் அவங்களோட சேந்துட்டியாம்மா?"

வீடு திரும்பிய பிறகு அம்மா போட்ட சோற்றை அவன் தொடவில்லை. மாத்திரையைக் குழம்பில் கலந்து கொடுக்க யாரோ யோசனை சொன்னார்கள். அதையும் கண்டுபிடித்துவிட்டான். தனக்கு எதிராகச் சதி நடக்கிறது என்று நடுங்குகிறவனுக்கு, நாமே சதி செய்து காட்டலாமா? இந்த வீடுகளில் பார்த்துக்கொள்ள இருப்பது பெரும்பாலும் அம்மா ஒருத்திதான். அவர் மேல் இருந்த நம்பிக்கை போனால் மாத்திரை கொடுக்க வேறு ஆள் கிடையாது.

உள்ளதைச் சொல்லுங்கள். "நீ தூங்கியே நாளாச்சுப்பா. டாக்டர்கிட்ட போறோம். அம்மா கூடவே இருப்பாங்க." மாட்டேன் என்பான். உட்காருங்கள். மறுநாளும் போங்கள். உயிருக்கு ஆபத்து என்ற கட்டத்தில், சம்மதம் இல்லாமலும் சேர்க்க 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 89ஆம் பிரிவில் வழி இருக்கிறது. இரண்டு பேர் தனித்தனியாகப் பரிசோதிக்க வேண்டும், அதில் ஒருவர் மனநல மருத்துவர். முதலில் 30 நாள் வரைதான். அப்போதும் எங்கே போகிறோம் என்பதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள்.

சாமியைப் பழிப்பது

நிலைப்படியில் எலுமிச்சம்பழத்தைப் பார்த்ததும் "மூடநம்பிக்கை" என்று தொடங்காதீர்கள். கோயிலா மாத்திரையா என்று கேட்டால் நின்றுபோவது மாத்திரைதான். மந்திரிக்கட்டும், மாத்திரையும் போடட்டும். ஆனால் சங்கிலியில் மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, கட்டிப்போடப்பட்டிருந்தவர்கள் ஓட முடியாமல் கருகினார்கள். 28 உயிர் போனது. இன்று எந்த வகையில் சங்கிலி போட்டாலும் சட்டப்படி குற்றம். இதைக் குடும்பத்திடம் தன்மையாக, ஆனால் தெளிவாகச் சொல்லுங்கள்.

வாசலில் நின்று விசாரிப்பது

பிளாக் முழுக்கக் கேட்கும். உள்ளே போய்ப் பேசுங்கள்.

தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்கத் தயங்குவது

கேட்பதால் அந்த எண்ணம் வராது. கேளுங்கள்.

விஷம் சாப்பிட்டவரை "நல்லாத்தானே இருக்கார்" என்று வீட்டில் வைத்திருப்பது

சில விஷங்கள் முதல் நாள் ஒன்றும் காட்டாது. அப்புறம்தான் கல்லீரல் கெடும். கேஸ் ஆகிவிடும் என்ற பயத்தில் மறைக்கிறார்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே 2017 சட்டம் எடுத்துக்கொள்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில், தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய பழைய 309ஆம் பிரிவே இல்லை. இதைச் சொல்லிக்கொண்டே 108ஐக் கூப்பிடுங்கள்.

நம்பர் கொடுக்காமல் கிளம்புவது

டெலி மனாஸ் என்ற அரசு மனநல உதவி எண், 14416. காசு கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். அம்மாவுக்கு எழுதப் படிக்க வராது என்றால், அவர் போனிலேயே பதிந்து, ஒரு தடவை அவரையே அழைக்க வைத்துப் பார்த்துவிட்டு வாருங்கள்.