மேடைக்குப் பின்னால் மறைந்துபோகும் புத்தகங்கள்: ஊர்ப் புத்தகத் திருவிழாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

புத்தகத் திருவிழா என்றால் சென்னைக்குப் போக வேண்டும் என்றிருந்த காலம் மாறிவிட்டது. 1977-இல் சென்னையில் தொடங்கிய, தென்னிந்தியப் புத்தக விற்பனையாளர், பதிப்பாளர் சங்கமான பபாசியின் புத்தகக் காட்சி, 1998 முதல் நெய்வேலியில் நடந்துவரும் கண்காட்சி, 2005 முதல் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை நடத்திவரும் திருவிழா ஆகியவை போட்டுத் தந்த பாதையில், 2022 முதல் அரசின் ஆதரவோடு மாவட்டந்தோறும் புத்தகத் திருவிழாக்கள் நடக்கத் தொடங்கின. அவற்றைக் கண்டு ஊக்கம் பெற்று, வாசகர் வட்டங்களும் கிளை நூலகங்களும் குடியிருப்போர் சங்கங்களும் இருபது, முப்பது அரங்குகளோடு தங்கள் ஊரிலேயே சிறிய திருவிழா ஒன்றை நடத்த முன்வருவது எனக்கு மிகுந்த மகிழ்ச்சியைத் தருகிறது. எங்கள் ஊர் வாசகர் வட்டத்தின் சார்பில் சில ஆண்டுகள் இந்தப் பணியில் இருந்தவள் என்ற முறையில், நாங்கள் செய்தும் பிற ஊர்களில் கண்டும் அறிந்த தவறுகளை இங்கே எழுதுகிறேன். அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வேரிலிருந்து கிளைப்பவை: திருவிழாவை ஒரு பொதுக்கூட்டமாக எண்ணித் திட்டமிட்டுவிட்டு, புத்தகத்தை அந்தக் கூட்டத்துக்கு அலங்காரமாக வைத்துவிடுகிறோம்.

நாள் குறிப்பது

சிறப்பு விருந்தினரின் நாள் கிடைத்துவிட்டது என்பதற்காகத் திருவிழாவின் நாளைக் குறிப்பது முதல் தவறு. செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு, டிசம்பரில் அரையாண்டுத் தேர்வு, மார்ச், ஏப்ரலில் பொதுத்தேர்வு என்று பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும் வாரங்களில் எந்தக் குடும்பமும் திடலுக்கு வராது. ஐப்பசி, கார்த்திகையின் அடைமழையையும், ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கோவை, திருப்பூர்ப் பக்கம் வீசும் காற்றையும் துணிப் பந்தல் தாங்காது. மாதத்தின் கடைசி வாரத்தில் மட்டும் நடக்கும் விழாவில் மக்கள் புத்தகத்தை ஆசையோடு எடுத்துப் புரட்டி, பின்னட்டையில் விலையைப் பார்த்து, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போவதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். முகூர்த்த நாள்கள் இல்லாத, சம்பள நாளை ஒட்டிய சனி, ஞாயிறே ஊர் விழாவுக்கு ஏற்றது.

பெரிய விழாக்களைப் பார்த்துப் பத்து, பன்னிரண்டு நாள் நடத்த முயல்வதும் வேண்டாம். அரங்கு வாடகை, விற்பனையாளர் இருவரின் கூலி, தங்குமிடம், சாப்பாடு, புத்தகக் கட்டுகளை ஏற்றி இறக்கும் லாரிச் செலவு ஆகிய அனைத்தும் பத்து விழுக்காடு கழிவு கொடுத்துவிட்டு மிஞ்சும் பணத்திலிருந்தே பதிப்பகத்துக்குக் கிடைக்க வேண்டும். செவ்வாயும் புதனும் ஆளில்லாத அரங்கில் அமர்ந்திருந்த சிறு பதிப்பாளர் அடுத்த ஆண்டு வரமாட்டார். இருபது அரங்குள்ள விழாவுக்கு வெள்ளி மாலை முதல் ஞாயிறு இரவு வரை போதும்.

மழை வராது என்று நம்பி இருப்பதும் தவறு. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பின், ஜனவரியில் நடக்க வேண்டிய சென்னைப் புத்தகக் காட்சி 2016 ஜூன் மாதத்துக்குத் தள்ளிப்போனது. கிடங்குகளில் இருந்த நூல்கள் நனைந்து பல பதிப்பகங்கள் பெரும் இழப்பைச் சந்தித்தன. ஊர்த் திடலிலோ, இரவில் ஒரு மணி நேரம் பெய்யும் கோடைமழையே போதும். புத்தகக் கட்டுகளைத் தரையில் வைக்காமல் பலகையின்மேல் அடுக்கவும், அரங்கு ஒன்றுக்கு ஒரு தார்ப்பாயை முன்கூட்டியே கொடுத்து வைக்கவும், இரவுக் காவலுக்கு இருப்பவரிடம் மழை வந்தால் யாரை அழைப்பது என்று சொல்லி வைக்கவும் வேண்டும். நனைந்த சேலையைக் காய வைத்து உடுத்தலாம். நனைந்த புத்தகத்தை விற்க முடியாது.

மேடை எங்கே இருக்க வேண்டும்

எங்கள் முதல் ஆண்டு விழாவில் திடலின் நடுவே மேடையை அமைத்து, அதன் இருபுறமும் அரங்குகளைப் போட்டோம். படம் வரைந்து பார்த்தபோது அழகாகத்தான் இருந்தது. மாலை ஆறரை மணிக்கு ஒலிபெருக்கி முழங்கத் தொடங்கியதும், தன் பேரனுக்குப் புத்தகம் கேட்ட ஒரு பெரியவர், அரங்கில் இருந்த பெண்ணின் காதருகே குனிந்து மூன்று முறை கத்திவிட்டு, பதில் புரியாமல் வெளியேறினார். ஆறரை மணி முதல் எட்டரை மணி வரையில்தான் வேலை முடிந்தவர்கள் குடும்பத்தோடு வருவார்கள். அந்த இரண்டு மணி நேரத்தை நாங்களே விற்பனையாளர்களிடமிருந்து பறித்துவிட்டோம். மறு ஆண்டு மேடையைத் திடலின் கடைக்கோடிக்குக் கொண்டுபோய், ஒலிபெருக்கிகளைக் கூட்டத்தின் பக்கம் மட்டும் திருப்பி, அரங்குகளைக் கடந்துதான் மேடைக்குச் செல்ல முடியும் என்ற வகையில் பாதையை மாற்றினோம். பேச்சைக் கேட்க வந்தவர்கள் வரும்போதும் போகும்போதும் புத்தகங்களுக்கு நடுவே நடந்தார்கள். செலவில்லாத இந்த மாற்றம்தான் நாங்கள் செய்தவற்றுள் அதிகப் பயன் தந்தது என்பது என் உறுதியான எண்ணம்.

எழுத்தாளரை அழைப்பது

எழுத்தாளர் வேறு, மேடைப் பேச்சாளர் வேறு. இரண்டும் ஒருவரிடம் அமைவது உண்டு என்றாலும், பத்தாண்டுகள் ஒரு நாவலோடு தனியறையில் வாழ்ந்த ஒருவரைப் பட்டிமன்றப் பேச்சாளரைப் போல ஐந்நூறு பேர் முன்னால் ஒரு மணி நேரம் முழங்கச் சொல்வது அவருக்கும் நல்லதல்ல, கேட்பவருக்கும் நல்லதல்ல. அவருடைய நூல்களை உண்மையிலேயே படித்த உள்ளூர் வாசகர் ஒருவரை எதிரில் அமர்த்தி, நாற்பது நிமிட உரையாடலாக நடத்துங்கள். ஒரு பகுதியை அவரே வாசித்துக் காட்டட்டும். எஞ்சிய நேரத்தில் கேள்விகள் வரட்டும். கூட்டத்தில் எழுந்து நின்று பேசக் கூச்சப்படுபவர்கள், அவர்களுள் பெரும்பாலோர் பெண்களும் மாணவர்களும், கேள்வியை எழுதிக் கொடுக்க ஒரு துண்டுச்சீட்டும் பென்சிலும் இருந்தால் போதும். மிக நல்ல கேள்விகள் அந்தச் சீட்டுகளில்தான் வந்திருக்கின்றன.

தமிழ் மேடையின் பழைய நோய் ஒன்றையும் இங்கே வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். வரவேற்புரை, தலைமையுரை, முன்னிலை வகிப்போர் உரை, வாழ்த்துரைகள், பொன்னாடை, நினைவுப் பரிசு, நன்கொடையாளர்களுக்குப் பாராட்டு என்று எல்லாம் முடிந்த பிறகு, அழைத்து வந்த எழுத்தாளருக்கு மிஞ்சுவது என்ன? வேறோர் ஊரில், இரவெல்லாம் பேருந்தில் பயணம் செய்து வந்திருந்த எழுத்தாளர் ஒருவரிடம் ஒன்பதே முக்காலுக்கு ஒலிவாங்கி கொடுக்கப்பட்டதை நான் நேரில் கண்டேன். இரவு பத்து மணிக்கு மேல் ஒலிபெருக்கிக்கு அனுமதி இல்லை என்பதால் அவர் பேசியது பதினைந்து நிமிடம்கூட இல்லை. அவருக்காகவே அடுத்த ஊரிலிருந்து வந்திருந்த கல்லூரி மாணவிகள் கடைசிப் பேருந்துக்காக அதற்கு முன்பே எழுந்து போயிருந்தார்கள். எழுத்தாளர் முதலில் பேசட்டும். பாராட்டுகளைப் பிறகு வைத்துக்கொள்ளலாம், அல்லது அவற்றைத் தொடக்க நாளோடு முடித்துவிடலாம்.

அதைவிடப் பெரிய தவறு, எழுத்தாளர் வருகிறார், அவருடைய புத்தகம் வரவில்லை என்ற நிலை. பேச்சைக் கேட்டு மனம் நெகிழ்ந்த ஒருவர் உடனே அந்த நூலை வாங்கத் தேடி, எட்டு அரங்குகளில் விசாரித்து, கிடைக்காமல் வீடு திரும்பினால், அந்த விருப்பம் மறுநாள் காலைவரை நிலைப்பது அரிது. ஒரு மாதத்துக்கு முன்பே எழுத்தாளரிடம் அவருடைய நூல்களின் பட்டியலையும், அவற்றின் பதிப்பகங்களையும், எவை அச்சில் உள்ளன என்பதையும் கேட்டு வாங்கி, தேவையான படிகளை வரவழையுங்கள். மேடைக்கு அருகிலேயே ஒரு மேசையிட்டு, பேச்சு முடிந்ததும் அவர் அங்கே அமர்ந்து கையெழுத்திட்டுக் கொடுக்க ஏற்பாடு செய்யுங்கள். பயணச் செலவையும் மதிப்பூதியத்தையும் அழைக்கும்போதே தெளிவாகச் சொல்லி, அவர் ஊருக்குப் புறப்படும் முன் கையில் கொடுத்துவிடுங்கள். பந்தல்காரருக்கும் ஒலிபெருக்கிக்காரருக்கும் முன்பணம் கொடுக்கும் நாம், எழுத்தாளர் அன்புக்காக வருவார் என்று எண்ணுவது நியாயமில்லை.

பிள்ளைகளும் குடும்பமும்

குடும்பத்துக்கான நிகழ்ச்சிகள் என்றதும் நம் மனத்தில் முதலில் தோன்றுபவை ஓவியப் போட்டி, மாறுவேடப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல். இவற்றில் மூன்று பிள்ளைகள் பரிசோடும் எழுபது பிள்ளைகள் வாடிய முகத்தோடும் வீடு திரும்புகிறார்கள். ஓவியப் போட்டியிலோ, தூரிகையைப் பிடித்திருப்பது பல நேரம் பெற்றோரின் கையாகவே இருக்கிறது. புத்தகத்தோடு ஒரு பிள்ளையின் முதல் உறவு தோல்வியாக அமையக் கூடாது என்று நான் உளமார நம்புகிறேன். போட்டிக்குப் பதிலாகக் கதைசொல்லலை வையுங்கள். இருபத்தைந்து, முப்பது பிள்ளைகளுக்கு மேல் ஓர் அமர்வில் சேர்க்காமல், மேடையின் ஒலி எட்டாத மூலையில் பாய் விரித்து, ஐந்து வயதுக்காரருக்கும் பத்து வயதுக்காரருக்கும் தனித்தனி நேரம் ஒதுக்கி நடத்துங்கள். கதை முடிந்ததும் அந்தக் கதை உள்ள புத்தகம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்க வேண்டும். பெற்றோரை வெளியே நிறுத்தாமல் கூடவே உட்காரவையுங்கள். வீட்டில் கதை சொல்லப் போகிறவர்கள் அவர்கள்தாம். எங்கள் விழாவில் எழுபது வயதைக் கடந்த ஒரு பாட்டி, தன் தாயிடம் கேட்ட நரிக் கதையைச் சொல்லிவிட்டு, அதை எழுதித் தரும்படி தன் பேத்தியிடமே கேட்டார். அந்தக் கையெழுத்துப் பக்கத்தைக் கடைசி நாள்வரை கதைக்கூடாரத்தில் தொங்கவிட்டிருந்தோம்.

பள்ளி மாணவர்களைப் பேருந்தில் அழைத்து வந்து, வரிசையாக நடக்கவைத்து, இருபது நிமிடத்தில் திருப்பி அனுப்புவது பரவலாக நடக்கும் இன்னொரு தவறு. கையில் பணமும் இல்லை, நின்று புரட்ட நேரமும் இல்லை என்றால், பிள்ளைகளுக்குக் கிடைப்பது ஏக்கம் மட்டுமே. விழாவுக்கு நான்கைந்து மாதங்கள் முன்பே பள்ளிகளில் சிறு உண்டியல்களைக் கொடுத்துச் சேமிக்கச் சொல்வது நல்ல வழி. தாமே சேர்த்த நூற்றைம்பது ரூபாயோடு வரும் பிள்ளை, எந்தப் புத்தகத்தை வாங்குவது என்று முடிவெடுக்க ஒரு மணி நேரம் அரங்குகளைச் சுற்றுவதைப் பார்ப்பதே தனி இன்பம். சேமிக்க வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு நன்கொடையாளர்கள் வழியாகப் புத்தகச் சீட்டு தரலாம். ஆனால் அதை மேடையில் ஏற்றிப் படம் எடுத்துத் தரக் கூடாது, தலைமையாசிரியரிடம் அமைதியாகக் கொடுத்துவிட வேண்டும்.

சிறு பிள்ளைகளின் சட்டையில் பெற்றோரின் கைப்பேசி எண் எழுதிய சீட்டை நுழைவாயிலிலேயே ஒட்டிவிடுங்கள். பெண்களுக்குத் தண்ணீர் வசதியோடு கூடிய கழிப்பறையும், கைக்குழந்தைக்குப் பாலூட்ட மறைவிடமும் இல்லாத திடலில் தாய்மார்கள் அரை மணி நேரத்துக்கு மேல் இருக்கமாட்டார்கள். சக்கர நாற்காலி செல்லும் சாய்தளம், குடிநீர், முதியவர்கள் உட்கார ஆங்காங்கே நாற்காலி ஆகியவற்றுக்கான செலவை வரவேற்பு வளைவுக்கு முன்னதாக ஒதுக்குங்கள். பஜ்ஜிக் கடை இருக்கட்டும், ஆனால் எண்ணெய்க் கையோடு யாரும் நேரே புத்தகத்தைத் தொடாத தொலைவில், கை கழுவும் குழாயோடு இருக்கட்டும்.

அரங்குகள்

முன்வாடகை கொடுத்த எல்லோருக்கும் அரங்கு ஒதுக்கினால், ஒரே சமையல் நூலும் ஒரே சோதிட நூலும் ஆறு அரங்குகளில் நிறைந்திருக்கும். கவிதையோ, சிறுவர் நூலோ, உள்ளூர் வரலாறோ ஓரிடத்திலும் இராது. விண்ணப்பத்திலேயே நூல்வகைகளைக் கேட்டு, அவற்றைக் கலந்து தேர்ந்தெடுங்கள். முழு அரங்குக்கான வாடகை கொடுக்க இயலாத சிறு பதிப்பகங்கள் இரண்டை ஓர் அரங்கில் சேர்த்து அமர்த்தலாம். உள்ளூரில் தம் செலவில் நூல் வெளியிட்டவர்களுக்கு ஒரு பொது மேசை வையுங்கள்.

சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர்.ரங்கநாதன் 1931-இல் வெளியிட்ட ஐந்து விதிகளுள் ஒன்று, வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பது. அரங்குகளின் வரைபடமும், எந்தப் பதிப்பகம் எந்த எண்ணில் உள்ளது என்ற பட்டியலும், புத்தகத்தின் பெயரைச் சொன்னால் இடத்தைச் சொல்லும் தன்னார்வலர் ஒருவரும் நுழைவாயிலில் இல்லாத திருவிழா அந்த விதியை மறந்த திருவிழா. அதே 1931-இல் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றிச் சென்ற நடமாடும் நூலகம் ஒன்றும் தொடங்கியது. திடலுக்கு வர முடியாதவர்களை அன்றே எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். இன்று சுற்றுவட்டச் சிற்றூர்களுக்குச் சனி, ஞாயிறு மாலையில் ஒரு வேன் அனுப்பி மக்களை அழைத்து வந்து திரும்ப விடுவது நம்மால் ஆகாத செயலன்று.

கிளை நூலகத்துக்கு ஓர் அரங்கை வாடகையின்றிக் கொடுத்து, அங்கேயே உறுப்பினராகச் சேர வழி செய்யுங்கள். 1948-இல் இயற்றப்பட்ட பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு நூலக வரியையும் செலுத்திவரும் பலர் நூலகத்துக்குள் ஒருமுறைகூட நுழைந்ததில்லை.

கடைசியாக ஒன்று. விழா முடிந்ததும் எத்தனை ஆயிரம் பேர் வந்தார்கள், எத்தனை இலட்சத்துக்கு விற்றது என்று மட்டும் கணக்கெடுத்துவிட்டுக் கலைந்துவிடுகிறோம். நுழைவாயில் மேசையில் ஒரு குறிப்பேட்டை வைத்து, கேட்டும் கிடைக்காத நூல்களின் பெயரை வாசகர்களையே எழுதச் சொல்லுங்கள். மூன்றாம் ஆண்டில் எங்கள் குறிப்பேட்டில் மிகுதியாக இருந்தவை பிள்ளைகளுக்கான அறிவியல் நூல்களும், கண்பார்வை மங்கிய முதியவர்கள் கேட்ட, பெரிய எழுத்தில் அச்சிட்ட நூல்களும். அந்தப் பட்டியலைப் படியெடுத்துப் பதிப்பகங்களுக்கும் கிளை நூலகருக்கும் அனுப்பினோம்; அடுத்த ஆண்டு அந்த இரு வகைக்கும் மேடைக்குச் செல்லும் வழியிலேயே இரண்டு அரங்குகளை ஒதுக்கினோம்.