விசா இருந்தால் போதுமா? சிக்கிம், அருணாச்சல், அந்தமான் பெர்மிட்டில் கோட்டை விடும் இடங்கள்

சித்திரைத் திருவிழாவுக்கு மலேசியாவிலிருந்தும் கனடாவிலிருந்தும் மதுரைக்கு வரும் சொந்தங்கள், அழகர் மலைக்குத் திரும்பியதும் நம்மோடு சேர்ந்து ஒரு டூர் கிளம்பிவிடுவார்கள். ஏஜென்ட் எல்லாருடைய ஆதார் ஜெராக்ஸையும் கேட்பார். "தம்பிக்கு ஆதார் இல்லண்ணே, விசா இருக்கு" என்று சொல்லி அத்தோடு விட்டுவிடுவோம். சிக்கலே அங்கேதான். விசா இந்தியாவுக்குள் வருவதற்கு மட்டும்தான். பாதுகாக்கப்பட்ட, கட்டுப்படுத்தப்பட்ட பகுதிகளுக்கு அது செல்லாது என்று இ-விசா நிபந்தனையிலேயே இருக்கிறது. அங்கே போகத் தனி பெர்மிட் வேண்டும்.

அருணாச்சலுக்கு நாம் எடுப்பது ஐஎல்பி (இன்னர் லைன் பெர்மிட், இந்தியர்களுக்கானது). வெளிநாட்டு பாஸ்போர்ட்காரருக்கு அது உதவாது, அவருக்கு பிஏபி (பாதுகாக்கப்பட்ட பகுதிக்கான பெர்மிட்) வேண்டும். நாகாலாந்து, மிசோரம், மணிப்பூரில் சில வருடம் பிஏபி இல்லாமல் விட்டிருந்தார்கள். 2024 டிசம்பரில் மறுபடி கட்டாயமாக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய யூடியூப் வீடியோவை நம்பிக் கிளம்பாதீர்கள்.

அதிகம் பேர் மாட்டுவது ஓசிஐ கார்டில் (வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளியினருக்குத் தரும் அட்டை). "ஆயுசுக்கும் விசா, எனக்கென்ன பெர்மிட்" என்பார்கள். ஓசிஐ வைத்திருப்பவருக்கும் இந்தப் பகுதிகளுக்கு அனுமதி வேண்டும் என்று 2021 மார்ச் அறிவிக்கையில் தெளிவாகவே இருக்கிறது. பெர்மிட் பாஸ்போர்ட்டைப் பார்த்துத்தான். பூர்வீகம் உசிலம்பட்டி என்றால் எடுபடாது.

சிக்கிமில் இரண்டு படி. மாநிலத்துக்குள் நுழைய ரங்போ சோதனைச் சாவடியிலேயே பெர்மிட் வாங்கலாம்: பாஸ்போர்ட், விசா நகல், போட்டோ போதும். சாங்கு ஏரிக்கும் லாச்சுங்குக்கும் அது பத்தாது. அங்கே பதிவு பெற்ற சிக்கிம் ஏஜென்சி வழியாகத் தனி பிஏபி எடுக்க வேண்டும், குறைந்தது இரண்டு வெளிநாட்டினர் இருக்க வேண்டும். கூட வரும் அத்தை, மாமா இந்தக் கணக்கில் சேர மாட்டார்கள். ஒருவர் மட்டும் வந்திருந்தால் திட்டத்தையே மாற்றுவது நல்லது. சீன எல்லையில் இருக்கும் நாதுலா கணவாய் வெளிநாட்டினருக்குக் கிடையவே கிடையாது; அந்த ஒரு நாளைக்கு அவருக்கு கேங்டாக்கில் வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

விண்ணப்பத்தில் நம் ஊர்ப் பெயர்களும் படுத்தும். பாஸ்போர்ட்டில் 'முருகன் கருப்பையா' என்றிருப்பவரை ஏஜென்ட் பழக்கத்தில் 'கே. முருகன்' என்று அடித்துவிடுவார். சாவடியில் இரண்டும் வேறு ஆள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

அந்தமானில் மக்கள் வாழும் 30 தீவுகளுக்கு 2018இல் பெர்மிட்டைத் தளர்த்தினார்கள். அதை வைத்து எல்லாத் தீவும் திறந்துவிட்டது என்று எண்ணக் கூடாது. பழங்குடிப் பகுதிகளுக்கு, அவர்களைப் பாதுகாக்கும் 1956ஆம் வருட ஒழுங்குமுறை அப்படியே நிற்கிறது. பழங்குடியினர் மட்டுமே வாழும் வடக்கு சென்டினல் தீவுப் பக்கம் படகு கேட்பதே வழக்கில் முடியும்.

வீட்டில் தங்க வைப்பவர்களுக்கும் ஒரு வேலை உண்டு: வெளிநாட்டு விருந்தாளி வந்த 24 மணி நேரத்துக்குள், அவர் தங்குவதைத் தெரிவிக்கும் 'படிவம் III'ஐ (2025 வரை இதற்குப் பெயர் 'சி படிவம்') ஆன்லைனில் பதிய வேண்டும். ஓட்டலுக்கு மட்டும்தான் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அவர் பையில் சாட்டிலைட் போன் இருக்கிறதா என்பதை விமானம் ஏறும் முன்பே கேட்டுவிடுங்கள். முன் அனுமதி இல்லாமல் கொண்டுவந்தால் ஏர்போர்ட்டிலேயே கைது வரை போகும்.