பிடிஎஃப் ஆக்கும்போது படங்களைக் கெடுக்கும் தவறுகள்

கோப்பு பெரிதாக இருக்கிறது என்று விண்ணப்பத் தளம் ஏற்க மறுத்ததும் பலர் செய்வது ஒன்றே. பிரிண்டர் பட்டியலில் ‘அடோபி பிடிஎஃப்’பை (அடோபியின் அக்ரோபேட் மென்பொருளோடு வரும், பிடிஎஃப் உருவாக்கும் பிரிண்டரை) தேர்ந்து, ‘ஸ்மாலஸ்ட் ஃபைல் சைஸ்’ அமைப்பை வைத்து மறுபடி எடுப்பார்கள். கோப்பு சுருங்கும், சந்தேகமில்லை. ஆனால் 150 பிபிஐக்கு (ஓர் அங்குலத்தில் உள்ள பிக்சல்களின் எண்ணிக்கை) மேற்பட்ட வண்ணப் படங்களை அது 100க்கு இறக்கிவிடும். திரைக்கு அது போதும். அச்சகத்துக்குப் போகும் மலரையோ அழைப்பிதழையோ இதில் எடுத்தால் முகங்கள் மங்கிப்போகும். அதற்கு 300 பிபிஐயில் நிறுத்தும் ‘ஹை குவாலிட்டி பிரிண்ட்’தான் சரி. அலுவலகக் காகிதங்களுக்கு ‘ஸ்டாண்டர்ட்’ போதும், அது 150.

இதைவிடப் பரவலான குழப்பம், ரெசல்யூஷனையும் (ஓர் அங்குலத்தில் எத்தனை பிக்சல்) கம்ப்ரெஷனையும் (அந்த பிக்சல்களின் தகவலை எவ்வளவு சுருக்குவது) ஒன்றென்று நினைப்பது. கைபேசியில் எடுத்த 4000 × 3000 பிக்சல் படத்தைப் பக்கத்தில் 4 அங்குல அகலத்தில் வைத்தால் அது 1000 பிபிஐ ஆகிறது. அச்சுக்கே 300 போதும், அதாவது 1200 × 900. பிக்சல்கள் பதினொன்றில் ஒரு பங்காகக் குறைந்தும் தாளில் வித்தியாசம் தெரியாது. அதை விட்டுவிட்டு, புகைப்படங்களைச் சுருக்கும் முறையான ஜேபெக்கின் தரத்தை ‘லோ’வுக்குத் தள்ளுகிறவர்களின் படங்கள் தரம் கெட்டுப்போகும். வாட்ஸ்அப்பில் வந்த சின்னப் படத்தை 300க்கு உயர்த்துவதாலும் பயனில்லை. இல்லாத விவரம் எங்கிருந்து வரும்?

ஜேபெக், படத்தை 8 × 8 பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்கு எளிதில் படாத நுண்மாற்றங்களைக் கழித்துவிடும். வானத்துக்கும் முகத்துக்கும் அது பொருந்தும். எழுத்தின் கூர்மையான ஓரத்தில்தான் அழுக்குப் புகைபோலத் தங்கும். ஸ்கேன் செய்த பத்திரத்தில் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்துபோவதும் இதனால்தான். ஸ்கிரீன்ஷாட், வரைபடம் போன்றவற்றுக்கு எதையும் இழக்காத ‘ஜிப்’ சுருக்க முறையைத் தேர்ந்தெடுங்கள்.

வெறும் கறுப்பு வெள்ளைப் பக்கத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்வதே வீண். 300 டிபிஐயில் (ஸ்கேனரில் ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) ஒரு ஏ4 பக்கம், சுருக்குவதற்கு முன், வண்ணத்தில் சுமார் 26 எம்பி; ஒவ்வொரு புள்ளியும் கறுப்பு அல்லது வெள்ளை மட்டுமே ஆகும் ‘ஒரு பிட்’ முறையில் சுமார் 1 எம்பிதான். இத்தகைய பக்கங்களுக்கான ‘சிசிஐடிடி குரூப் 4’ என்ற சுருக்க முறை அதையும் இழப்பின்றிச் சுருக்கும். ‘ஜேபிக்2’ என்ற இன்னொரு முறை இன்னும் சிறிதாக்கும், ஆனால் அதன் இழப்புள்ள முறையிடம் எச்சரிக்கை தேவை. ஒன்றுபோலத் தோன்றும் உருவங்களில் ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களிலும் அதையே ஒட்டும் முறை அது. 2013இல் ஜெர்மனியின் கணினி அறிவியலாளர் டேவிட் கிரீசல் இதன் ஆபத்தை அம்பலப்படுத்தினார். சில ஜெராக்ஸ் ஸ்கேனர்களில் 6 என்ற எண் 8 ஆகியிருந்தது. கட்டட வரைபடம் ஒன்றில் 21.11 சதுர மீட்டர் அறை 14.13 ஆக மாறியிருந்தது. எழுத்து மங்கினால் கண்டுபிடித்துவிடலாம். பளிச்சென்று தெரியும் தவறான எண்ணை யார் சந்தேகிப்பார்கள்? கணக்கு, நிலப் பத்திரம், மருத்துவ அறிக்கை எதற்கும் அந்த முறை வேண்டாம்.

ஏற்கெனவே பிடிஎஃப் ஆன கோப்பைத் திறந்து மறுபடி பிடிஎஃப்பாக அச்சிடாதீர்கள். ஜேபெக் படங்கள் இரண்டாம் முறை நசுங்கும். இணைப்புகளும் புக்மார்க்குகளும் போய்விடும். ‘பிரிண்ட் ஆஸ் இமேஜ்’ தேர்வாகியிருந்தால் எழுத்தே படமாகி, தேடவும் முடியாது. மூலக் கோப்பு கையில் இருந்தால் அதிலிருந்து புதிதாக எடுப்பதே நல்லது. இல்லையென்றால் அக்ரோபேட்டின் ‘பிடிஎஃப் ஆப்டிமைசர்’ இருக்கிறது. மூலம் வேர்ட் கோப்பானால் இன்னொன்றையும் பாருங்கள். வேர்டே படங்களை 220 பிபிஐக்குக் குறைத்துச் சேமித்திருக்கக்கூடும். அதன்பின் பிடிஎஃப்பில் 300 என்று வைத்துப் பயனில்லை. படங்களைச் செருகுவதற்கு முன்பே ‘டூ நாட் கம்ப்ரெஸ் இமேஜஸ் இன் ஃபைல்’ என்பதை டிக் செய்துவிடுங்கள்.